மிதித்தால் திரும்பாத பெடல்

பிரேக் போனால் பயம் வரும். கிளட்ச் போனால் எரிச்சல்தான் வரும். என்ஜின் ஓடும், விளக்கு எரியும், ஆனால் கியர் விழாது. பின்னால் நிற்பவர்களின் ஹார்ன் மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். எரிச்சலில் எடுக்கும் முடிவுகளுக்கு விலை அதிகம். பழைய கார் என்றால் சில சமயம் அந்த விலை காரேதான்.

பெங்களூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அந்த விலையைக் கொடுக்க இருந்தார். அவருடையது 2003ஆம் வருட டொயோட்டா குவாலிஸ். 2000இல் அறிமுகமாகி, 2005இல் இன்னோவாவுக்கு இடம் விட்டு விலகிய அதே குவாலிஸ். பக்கத்துப் பிடதியில் பிறந்த வண்டி. 15 வருடம் முடிந்ததும் 2018இல் ஒரு முறை, 2023இல் இன்னொரு முறை பதிவைப் புதுப்பித்திருக்கிறார். ‘இரும்புக் கடைக்குப் போட்டுவிடுங்கள்’ என்பது மகனின் நிலையான கருத்து. ‘மூட்டு வலிக்காரி உன் அம்மா குனியாமல் ஏறி உட்காரும் வண்டி இது ஒன்றுதான்’ என்பது அப்பாவின் நிலையான பதில்.

ஒரு நாள் சிக்னலில் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பாதத்தை அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் மேலே வந்தது. கியர் கறகறத்தது, விழவில்லை. என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்திலேயே வண்டியை நகர்த்தி ஓரம் கட்டினார். லாரி டிரைவர்கள் அறிந்த பழைய உபாயம்.

இழுத்துப்போய் விட்ட ஒர்க்‌ஷாப்பில் தீர்ப்பு ஐந்தே நிமிடத்தில் வந்தது. பிளேட் போய்விட்டது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாகப் போட வேண்டும். சொன்னவர் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. செலவோ, இரும்புக் கடைக்காரர் மொத்தக் காருக்கும் தருவதாகச் சொன்ன தொகையைத் தொட்டது. மகன் ஏறக்குறைய ஜெயித்துவிட்டார்.

ஆசிரியருக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. முந்தைய நாள்கூட நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறியதே? வண்டியை வீட்டருகே உள்ள ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

‘‘பாய், பிளேட் போயிடுச்சாம்.’’

‘‘மேடு ஏறும்போது என்ஜின் மட்டும் கத்துச்சா சார்? கருகின வாசனை?’’

‘‘இல்லையே.’’

‘‘அப்ப பிளேட் பாவம் எதுக்குப் பழி சுமக்கணும்?’’

கிளட்சுக்கு வரும் வியாதிகள் இரண்டு வகை. ஒன்று, பிடிக்காமல் போவது: என்ஜின் வேகம் ஏறும், வண்டி இழுக்காது. இது பெரும்பாலும் பிளேட் தேய்மானம். மற்றொன்று, விடாமல் போவது: மிதித்தாலும் என்ஜினும் கியர்பாக்ஸும் பிரியாது, கியர் விழாது. இரண்டாவதற்கு முதல் சந்தேகம் பிளேட் மீது அல்ல, மிதியைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டின் மீதே விழ வேண்டும்.

கேபிள் கிளட்சில் அந்த வேலையைக் கம்பி செய்கிறது. ஹைட்ராலிக் கிளட்சில் பிரேக் ஆயில் செய்கிறது. பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். ஆயில் குழாய் வழியே ஓடி, கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை அழுத்தும். அதிலிருந்து வெளிவரும் சின்னக் கம்பி ஃபோர்க்கைத் தள்ள, கிளட்ச் விடும். அழுத்தம் முழுவதையும் தாங்குவது இரண்டு சிலிண்டருக்குள்ளும் இருக்கும் ரப்பர் வாஷர்கள்தான்.

மெக்கானிக் முதலில் பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தார். அடியில் கொஞ்சம், அதுவும் கறுப்பாக. ரப்பர் கரைந்தால் வரும் நிறம் அது. பிறகு பெடலுக்கு மேலே தடுப்புச் சுவரைத் தடவினார். மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால் அங்கே ஈரம் தெரியும். ஈரம் இல்லை. கடைசியாக அடியில் படுத்துக்கொண்டு, ‘‘மிதிங்க சார்’’ என்றார். கம்பி அரைகுறையாக அசைந்தது. ஸ்லேவ் சிலிண்டரின் தூசு உறையை விலக்கியதும் கறுப்பு ஆயில் சொட்டியது. வழக்கு முடிந்தது. கம்பி முழு தூரம் நகர்ந்தும் கியர் விழாமலிருந்தால்தான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சே.

கழற்றிப் பார்த்ததில் ஸ்லேவ் சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருந்தது. ரப்பர் கிட் போதும் என்றார். ஆனால் மாஸ்டரையும் கழற்ற ஆரம்பித்தார். ஒழுகியது கீழே, மேலே எதற்கு என்று ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி.

‘‘கீழே புது ரப்பர் போட்டா பிரஷர் பழையபடி ஏறும். மேலே இருக்கிற கிழட்டு ரப்பர் தாங்காது. திரும்ப வருவீங்க, என்னைத் திட்டுவீங்க.’’

மாஸ்டருக்குள் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. குழி விழுந்த சுவரில் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். எனவே ஜே.சி. ரோடு உதிரி பாகக் கடையிலிருந்து புது மாஸ்டர் சிலிண்டர் வந்தது. பாகங்களைக் கழுவியது பெட்ரோலில் அல்ல, புதிய பிரேக் ஆயிலில். பெட்ரோலும் என்ஜின் ஆயிலும் இந்த ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும். பெயின்ட் மீது சிந்திய பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார். விட்டால் பெயின்ட் உரியும்.

மிச்சமிருந்தது ஏர் எடுப்பது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. குழாயில் குமிழி இருந்தால் மிதிக்கிற பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆசிரியர் பெடலை மிதித்துப் பிடிக்க, மெக்கானிக் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறந்தார். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும். டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றி, குமிழி நிற்கும் வரை இதே கவாத்து. பெடல் மெல்ல மெல்ல கெட்டியானது. ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மொத்தச் செலவு, முதல் மதிப்பீட்டின் சிறு பகுதிதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு வருவது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றினால் சிலிண்டர் பிழைக்கும். பலர் பிரேக்குக்கு மாற்றுவார்கள், கிளட்சை மறந்துவிடுவார்கள்.

ஆளுக்கொரு பிளேட்டை மாற்றச் சொல்லும் காலம் இது. கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் கார்க்காரர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘பெடலை மிதித்தபோது கீழே அந்தக் கம்பி எவ்வளவு நகர்ந்தது?’ பதில் வரவில்லையென்றால், வண்டியை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.