டிக்கெட் பின்னால் ஒரு கணக்கு

மே மாதம் ஊட்டியில் அரைக்கை சட்டையோடு போய் இறங்கிய ஒரே ஜீவன் நான்தான். எதிரே ஒரு நாய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனது. என்னை ஒரு மாதிரி பார்த்தது.

தென்னிந்திய கென்னல் கிளப் வருஷா வருஷம் நடத்தும் நாய்க் கண்காட்சிக்குத்தான் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்து சீட்காரர் வாந்தி எடுக்க ஜன்னலைத் தேட, நான் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்தவனுக்கு இந்த வியாதி உண்டு.) ஒரு டாஷ்ஹண்ட் பெட்டை. வருஷத்துக்கு இரண்டு ஈத்து. ஈத்துக்கு ஐந்து குட்டி. குட்டி 12,000. ஆக 1,20,000 ரூபாய்!

அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் கன்றுக்குட்டி சைஸில் ஒரு கிரேட் டேன். அதன் வயிற்றுக்கடியில் புகுந்து போகிற உயரத்தில் டாஷ்ஹண்டுகள். சின்ன இனங்களை மேஜைமேல் ஏற்றி, உதட்டைப் பிரித்துப் பல்வரிசை பார்க்கிறார் ஜட்ஜ். என்னை வேலைக்கு எடுத்தபோதுகூட யாரும் இவ்வளவு சோதிக்கவில்லை.

குன்னூர்க்கார அம்மா ஒருவர், அறுபது வயதிருக்கும், இரண்டு டாஷ்ஹண்டுகளோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ப்ரீடிங்குக்கு ஒரு பெட்டைக் குட்டி வேணும்."

"உட்காருங்க தம்பி. உங்க வீட்ல மாடிப்படி இருக்கா?"

"இருக்கு... ஏன்?"

"ஜெர்மனியில வளைக்குள்ள நுழைஞ்சு பேட்ஜர்னு ஒரு பிராணியைப் பிடிக்க உண்டாக்கின உடம்பு இது. முதுகு நீளம், கால் குட்டை. படி ஏறி இறங்கி, சோபாவிலிருந்து குதிச்சு, முதுகுத்தண்டு தட்டு பிதுங்கிட்டா பின்னங்கால் ரெண்டும் போயிடும். அந்த வியாதி இருக்கிற வம்சத்துல குட்டி எடுக்கவே கூடாது."

வருஷத்துக்கு இரண்டு ஈத்து என்றதும் சிரித்துவிட்டார். 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாச்சாம். 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக்கூடாது. ஆயுசுக்கே ஐந்து ஈத்துதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேறு.

நான் விடவில்லை. "புள்ளி போட்ட டாஷ்ஹண்டுக்குக் கிராக்கியாமே? ரெண்டு புள்ளி நாயைச் சேர்த்துட்டா?"

அந்த அம்மாவின் முகம் மாறியது. "அப்பா புள்ளி, அம்மா புள்ளி ரெண்டும் ஒரே குட்டிக்கு வந்துடும். சராசரியா நாலுல ஒண்ணுக்கு. அது கண் தெரியாம, காது கேக்காம பிறக்கலாம். அதை நீங்க வளர்ப்பீங்களா?"

வாயடைத்துப் போனேன்.

மூன்று வருஷம் முன்னால் சென்னையில் ரோட்டோரக் கூடையிலிருந்து ஒரு குட்டி வாங்கினேன். நாற்பது நாள் குட்டி என்றான் விற்றவன். முப்பதுகூட இருக்காது. வந்த ஆறாம் நாள் பார்வோ. ரத்தமாகப் போய், என் மனைவி மடியிலேயே முடிந்துவிட்டது. அவனை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! டிக்கெட்டின் பின்னால் நான் போட்டதும் அவன் கணக்குதான்.

செலவுப் பக்கத்தை அந்த அம்மா சொன்னார். தடுப்பூசி, பூச்சி மருந்து, சிக்கலானால் சிசேரியன். சுமார் 63 நாள் கர்ப்பம். கடைசி வாரம் தெர்மாமீட்டரும் கையுமாக இருக்க வேண்டும். 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அநேகமாக ஒரு நாளைக்குள் பிரசவம். பிறந்த குட்டிகளைத் தினமும் தராசில் நிறுத்து எழுத வேண்டும். "வாங்கினவங்க வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தா, அதையும் நாமதான் வெச்சுக்கணும் தம்பி."

"அப்ப எனக்குக் குட்டி கிடையாதா?"

"வீட்ல ஒருத்தி ஜூன் கடைசியில குட்டி போடுவா. ரெண்டு ராத்திரி வந்து கூட முழிச்சிருங்க. அப்புறம் பேசலாம். உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. சம்மதமான்னு அவங்க வாயால கேக்கணும்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஜூன்லயும் அங்க குளிருமா?" என்றாள் அப்புறம். "ஸ்வெட்டர் எடுத்து வைக்கிறேன்."