டிக்கியில ஒரு பழைய ஃபில்டர்

காருக்கு ஆயில் மாத்தி 10,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சு.

முதல் கடை, ஏசி ரூம், காபி எல்லாம் உண்டு.
அங்க இருந்தவரு டிப்ஸ்டிக்கை உருவி, "ஆயில் கருப்பாயிடுச்சு சார், இன்ஜின் ஃப்ளஷ் கட்டாயம்"னாரு.
நானும் எக்ஸ்ரே பாக்குற டாக்டர் மாதிரி முறைச்சுப் பாத்தேன். ஒண்ணும் புரியல.
(அழுக்கைத் தன்கிட்ட இழுத்து வெச்சுக்கறதும் ஆயிலோட வேலைதான், கறுக்கத்தான் செய்யும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.)

நழுவிட்டேன்.

அடுத்து, புளியமரத்தடி மெக்கானிக் அண்ணன்.
"மேனுவல்ல என்ன போட்டிருக்கு? 5டபிள்யூ-30ஆ? சீல் உடைக்காத கேனை நீங்களே வாங்கியாங்க. கழட்டுன ஃபில்டரைக் கையில தந்துடறேன்."

தந்துட்டாரு.

அது இப்ப டிக்கியில கெடக்கு. சொட்டுது. நேர்மைக்குச் சாட்சியாச்சே, தூக்கிப் போட மனசு வரல.
வீட்டுல "என்ன நாத்தம்?"னு கேக்குறாங்க.

உங்க ஊர்ல பழசைக் கையில குடுக்குற ஆளு இருக்காரா?