கிரில் சிக்கன் மிஷினில் காபிக்கொட்டை



போன வாரம் நான் போட்ட போட்டோவைப் பார்த்து, "சார், ரிட்டையர் ஆனதும் சிக்கன் கடை போட்டுட்டீங்களா?" என்று பலபேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. அது காபிக்கொட்டை வறுக்கும் மிஷின். பிறந்ததுதான் கிரில் சிக்கன் மிஷினாக.

முன்பெல்லாம் காபி குடிக்கிற வீடுகளில் கைப்பிடி வைத்த இரும்பு உருளை இருக்கும். பச்சைக் கொட்டையை உள்ளே போட்டு, கரி அடுப்பின் மேல் வைத்துச் சுற்றுவார்கள். வாணலி போதாதா? காபிக்கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. தட்டைப் பக்கம் சட்டியில் படிந்து கருகும், மறுபக்கம் வேகாது. உருளை சுற்றினால்தான் சூடு ஒன்றுபோல ஏறும். இன்று பாக்கெட் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்டும் இருக்கிறார்கள், படிக்கிறவர்கள்தான் குறைவு.

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த ஒருவன் நம் தேன்கனிக்கோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது. கையில் இருந்த தொழிலை வைத்துப் பட்டறை போட்டான். அவனிடம் போய் என் ஆசையைச் சொன்னேன்.

பழைய இரும்புக் கடையிலிருந்து கிரில் மிஷின் ஒன்றைப் பிடித்துவந்தான். கேஸ் பர்னர், கம்பி, மோட்டார் எல்லாம் இருந்தன. ஓடவிட்டுப் பார்த்ததுமே சொன்னான்: "சார், இது நிமிஷத்துக்கு நாலு சுத்துதான். கோழிக்குச் சரி. கொட்டை அடியிலேயே கிடந்து தீஞ்சிரும். ரொம்ப வேகமா விட்டாலும் சுவத்துல ஒட்டிக்கிட்டுப் புரளாது." பழைய காரின் வைப்பர் மோட்டாரை மாட்டினான். 12 வோல்ட், நிமிஷத்துக்கு 50 சுற்றுக்குப் பக்கம். உருளைக்கு ஓட்டை போட்ட எவர்சில்வர் தகடு. ஜி.ஐ. தகடு மலிவுதான், ஆனால் அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் நச்சுப்புகை விடும் என்று அவனே வேண்டாம் என்றான். உள்ளே மூன்று சாய்வுத் தகடுகள், கொட்டையை அள்ளி அள்ளிப் போட. பர்னரை உருளைக்கு அடியில் மாற்றினான். உதிரும் தோல் நெருப்பில் விழாமல் இருக்க நடுவில் ஒரு தட்டு.

அரைக் கிலோ போட்டால் கால் மணி நேரம். பச்சை மஞ்சளாகும்போது வைக்கோல் வாசனை. பிறகு பழுப்பு. 200 டிகிரியை நெருங்கும்போது உள்ளே இருக்கும் நீராவி கொட்டையை வெடிக்கச் செய்யும், சோளம் பொரிகிற சத்தம். அது அடங்கி, மெல்லிய சடசடப்பு தொடங்கும் முன்பே நான் இறக்கிவிடுவேன். முறத்தில் கொட்டி, ஃபேனுக்கு அடியில் உடனே ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் சூட்டிலேயே மேலும் வறுபடும். 500 கிராம் 420 ஆகும். ஒருநாள் விட்டு அரைத்தால் ருசி. வறுப்பதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், கேஸ் ட்யூபை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். சாமான் செலவு 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டான். கூலி மாட்டேன் என்றான். "உங்ககிட்ட கூலி வாங்கினா பாவம் சார்." நான் சொன்னேன்: "அப்பா, நான் உனக்குச் சும்மா கணக்குச் சொல்லித்தரலை. மாசாமாசம் கவர்மென்ட் சம்பளம் கொடுத்தது. நீ மட்டும் ஏன் மூணு நாள் சும்மா உழைக்கணும்?" அவன் மனைவியிடம்தான் கொடுக்க முடிந்தது. வாங்கியதும் அந்தப் பெண் கேட்டது, "ஸ்கூல் பீஸ் கட்டிடலாமா?"

பிள்ளைகளே, உங்களில் எலெக்ட்ரீஷியன் இருக்கிறீர்கள், தையல்காரர் இருக்கிறீர்கள், மெக்கானிக் இருக்கிறீர்கள். ஒன்றாகப் படித்தோம், சொந்தம் என்று சொல்லி ஒருவர் வேலையை ஒருவர் இலவசமாக வாங்காதீர்கள். பழக்கம் இருந்தால் பத்து ரூபாய் கூடக் கொடுங்கள். மிஷின் வேண்டும் என்கிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அவன் நம்பர் தருகிறேன். பேரம் பேசுகிறவர்களுக்குத் தரமாட்டேன்.

வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு. அதற்கு மட்டும் காசு வேண்டாம்.