கல்யாண வீட்டு வாசலில் ஒரு டிபன் பாக்ஸ்

போன வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்தியில் வெள்ளைப் பணியாரம், கவுனரிசி, கந்தரப்பம்னு வரிசையா இலையில் விழுந்துகிட்டு இருக்கு. என் அண்ணன் மகள் மட்டும் இலைக்கே வரவில்லை. எங்கே போனாள்னு தேடிப் போனால், வேப்பமரத்தடியில் நின்ற என் வண்டிக்குள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வச்சிருக்கா. ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, உப்பில்லாமல் வெந்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராம், கொஞ்சம் பீன்ஸ். சைவப் பந்தியில் அதைத் திறக்க முடியாதே! அந்த வழியாகப் போன ஒரு ஆச்சி எட்டிப் பார்த்துட்டு, "ஏம்மா, இந்த வயசுலயே சர்க்கரையா?"ன்னு பாவமாக் கேட்டாங்க.

சர்க்கரை இல்லை. மாநில அளவிலான பெண்கள் உடற்கட்டுப் போட்டிக்கு இன்னும் மூணு வாரம். அவ்வளவுதான்.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்விக் கல்லூரியில் படிச்ச பிள்ளை. இப்போ சென்னையில் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறாள். தோளும் முதுகும் திரண்டு வர ஆரம்பிச்சதும் ஊரில் பேச்சு கிளம்பிருச்சு. "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு? யாரு கட்டுவா?" எனக்கு இதில் ஒரு சந்தேகம். எங்க வயலில் நடவு முடிச்சு, சீமைக்கருவேலம் வெட்டி, கட்டுத் தூக்கிச் சுமக்கிற அக்காக்களின் முன்கையைப் பார்த்திருக்கீங்களா? நரம்பு கயிறு மாதிரி ஓடும். அதை யாரும் ஆம்பளை உடம்புன்னு சொன்னதில்லை. கூலிக்கு வேலை செஞ்சு வந்த உடம்பு கண்ணில் படுவதில்லை. மேடையில் ஏறி நின்னாத்தான் உறுத்துது. வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ரெண்டு பிள்ளைகளை வளர்த்த சங்கீதா, தென்னிந்திய உடற்கட்டுப் போட்டியில் தங்கம் வாங்கினார். சில வருஷத்துக்கு முன்னால் பேப்பரில் படிச்சிருப்பீங்க. அந்தச் செய்தியைத்தான் இவள் போனில் எடுத்து வச்சிருந்தாள், அப்பனிடம் காட்ட.

சீமையிலும் இதே தகராறுதான். 1980-ல் 'மிஸ் ஒலிம்பியா' தொடங்கினப்போ முதலில் ஜெயிச்சவர் ரேச்சல் மெக்லிஷ். ஐரிஸ் கைல் பத்துத் தடவை வாங்கினார். நடுவில், 2004 கடைசியில், பெண்கள் தசையை இருபது சதவீதம் குறைச்சுக்கிட்டு வரணும்னு உலக உடற்கட்டுச் சம்மேளனம் சொல்லிருச்சு. உழைச்சு வளர்த்ததைக் குறைன்னு நடுவரே சொல்ற விளையாட்டு வேற எதுவும் இருக்கான்னு எனக்குத் தெரியலை. 2014-க்கு அப்புறம் அந்தப் போட்டியையே நிறுத்தி வச்சு, 2020-ல்தான் திரும்பக் கொண்டு வந்தாங்க.

தசை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதுவும் பெண்ணுக்கு. தசைக்கு உரம் போடுற டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்குச் சுரப்பதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்ணுக்கு இல்லை. ரெண்டு நாள் டம்பெல் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆயிடுவோம்னு பயப்படுற தங்கச்சிகள் நிம்மதியாத் தூங்கலாம். வருஷக்கணக்கில் தூக்கணும், எடைபோட்டுத் தின்னணும். குறுக்கு வழியில் ஊசி போட்டால் தொண்டை கட்டைக் குரலாகும், முகத்தில் முடி வரும். ஊசியை நிறுத்தினாலும் குரல் பழையபடி திரும்பாது. "அது மட்டும் வேணாம் சித்தப்பா"ன்னு அவளே முதல்லயே சொல்லிட்டா.

நான் பயந்தது தசையைப் பார்த்து இல்லை. கடைசி மாசங்களைப் பார்த்து. போட்டிக்கு மூணு நாலு மாசம் முன்னாலிருந்து சோற்றைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. சாதாரணமாக் கால்பங்கு கொழுப்பு இருக்கிற பெண் உடம்பைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறக்குவாங்க. கடைசி வாரம் உப்பு, தண்ணீர்னு எல்லாத்திலும் கை வைப்பாங்க, தோல் தசையோடு ஒட்டித் தெரியணும்னு. அவள் இதைச் சொன்னப்போ எனக்கு நெல்தான் ஞாபகம் வந்துச்சு. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் வயலில் தண்ணியை வடிச்சுருவோம். மணி இறுகும், தரை காயும். ஆனா வடிச்ச வயலை அறுத்துருவோம். அப்புறம் அந்தப் பயிர் உயிரோட இருக்கணும்கிற கவலை எங்களுக்கு இல்லை. இவள் போட்டிக்கு மறுநாளும் எழுந்து நடக்கணுமே! சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கொண்டுபோற காளைக்குக்கூடக் கடைசி வாரம் பருத்திக்கொட்டையும் தவிடும் கூடத்தான் போகும். பட்டினி போட்டு யாரும் பொட்டலுக்குப் பத்துறதில்லை.

கண்டுபிடிச்சது எங்க ஆத்தாதான். எழுத்தறிவு இல்லை, ஆனா வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போ நாள் வரும்னு விரலில் கணக்கு இருக்கும். கல்யாணத்துக்கு வந்த பிள்ளையை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், "எத்தனை மாசமாச்சு?"ன்னு நேராக் கேட்டிருக்கு. நாலு மாசம். பயிற்சியாளர் இதெல்லாம் சகஜம்னு சொல்லியிருக்கார். சிவகங்கையில் காட்டின மகப்பேறு டாக்டரம்மா அப்படிச் சொல்லலை. தீனி பத்தாதுன்னா மூளை முதல்ல கருப்பைச் செலவை நிறுத்திடும், ஈஸ்ட்ரோஜன் குறையும், அப்படியே நீண்டால் எலும்பு கரையும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதுக்குப் பேர் வச்சு எச்சரிச்சிருக்காம். பளு தூக்குற பிள்ளைக்கு எலும்பு போனா என்ன மிச்சம்?

அண்ணன் போட்டியே வேணாம்னு குதிச்சார். அவள் பதில் பேசலை, அழுதாள். நான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு தெரியாமல் நின்னேன். இப்பவும் முழுசாத் தெரியலை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். மேடை ஏறட்டும், ஆனா தண்ணியை நிறுத்தக்கூடாது, போட்டி முடிஞ்ச மறுவாரமே ஊருக்கு வந்து மூணு மாசம் ஆத்தா சமையல்.

நானும் பார்க்கப் போனேன். மேடைக்குப் பின்னால் ஒரு வேடிக்கை. விளக்கு வெளிச்சத்தில் தசை மங்கிடுமாம், அதனால் எல்லாப் பெண்களும் பிரஷ்ஷில் கருஞ்சாயம் பூசிக்கிறாங்க. நம்ம ஊரில் வெள்ளையாக க்ரீம் பூசுற காசு எவ்வளவு! இங்கே கறுப்பா இருக்கிறதுக்குக் காசு கொடுக்குறாங்க. எங்க பிள்ளைக்குச் சாயம் கொஞ்சமாத்தான் செலவாச்சு. அவள் முதுகைத் திருப்பிக் கையை விரிச்சப்போ, படம் எடுக்கிற பாம்பு மாதிரி இருந்துச்சு. அண்ணன் கைதட்டலை. ஆனா உட்காரவும் இல்லை, கடைசிவரை நின்னுக்கிட்டே பார்த்தார். நாலாவது இடம்.

ஊருக்கு வந்த முதல் வாரம் முகமும் காலும் வீங்கி, கண்ணாடி பார்க்கவே மாட்டேன்னா. நாலு கிலோ சட்டுனு ஏறிருச்சு. மேடையில் நின்ன உடம்பு ஒரே நாள் உடம்புன்னு அவளுக்குத் தெரியும், ஆனாலும் மனசு கேக்கலை. ஆவணி பொறந்தப்புறம் ஒருநாள் காலையில் அப்பத்தா காதில் ஏதோ சொன்னாள். கிழவி ஒன்னும் பேசலை. உளுந்தை வறுத்து, கருப்பட்டி தட்டி, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டிச்சு.

அவள் தட்டைக் கையில் வச்சுக்கிட்டு, "எத்தனை கிராம் உளுந்து அப்பத்தா?"ன்னு கேட்டா.

"ரெண்டு கை"ன்னுச்சு ஆத்தா.