பருப்பு வேகாத தண்ணீர்

சென்னையில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் வாஸ்துவுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'போர் தண்ணியில பருப்பு வேகுமா?' வேகாது என்றால் கடின நீர். சோப்பு நுரைக்காது. ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு ஏறும். பாத்ரூம் குழாய் ஆறே மாதத்தில் விபூதி பூசிக்கொள்ளும். எல்லாம் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் கைங்கரியம். குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம்ம ஏரியா போர்கள் பல அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

நமக்கே ஆகாத தண்ணீர் மீனுக்கு மட்டும் ஆகுமா? தொட்டி வைக்கிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எங்கள் மாடி வீட்டு சாருக்கும் தோன்றியது.

சார் ரிடையர்டு பேங்க் மேனேஜர். மாமி தவறிய பிறகு, அப்பா தனியாக இருக்கிறாரே என்று மகன் ஒரு மூன்றடித் தொட்டியை வாங்கி வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அதில் ஏழு ஏஞ்சல் மீன்கள். ஏழுக்கும் பெயர் உண்டு. காலையில் பேப்பரை விரித்துத் தலைப்புச் செய்திகளை அவற்றுக்கு வாசித்துக் காட்டுவார். வாராவாரம் ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்துவிட்டு, ஒரு பக்கெட் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவார். "நான் குடிக்கிறதைத்தானே தம்பி அதுங்களும் குடிக்கணும்?"

(நன்னீர் மீன்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை எனலாம். செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் அதுவாகவே உள்ளே போய்விடும். இதை சாரிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவார்.)

பி.எச். என்ற அளவுகோலை நமக்குக் கொடுத்தவர் சோரன்சென் என்கிற டென்மார்க்காரர். 1909-ல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில். ஆமாம், அதே பீர் கம்பெனிதான். 7 என்றால் நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. அதாவது 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் இரண்டு அல்ல, நூறு மடங்கு. மீன்கார மக்கள் இந்த நம்பரைத்தான் ஜாதகம் மாதிரி கையில் வைத்துக்கொண்டு அலைவார்கள். ஆனால், வீட்டை நிஜமாக நடத்துவது இன்னொரு நம்பர். அதன் பெயர் கே.எச்.

தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று சொல்வது ஜி.எச். பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்வது கே.எச். மீன் வெளியேற்றும் அம்மோனியாவைத் தொட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தைத் தினம் தினம் விழுங்கி, பி.எச். அசையாமல் பார்த்துக்கொள்வது பைகார்பனேட்தான். பேங்க் பேலன்ஸ் மாதிரி. செலவு தினமும் உண்டு, இருப்பு இருக்கிறவரை தெரியாது. ஆர்.ஓ. மெஷின் இந்த இருப்பைத்தான் துடைத்து எடுத்துவிடுகிறது. வாழ்நாளெல்லாம் வரவு செலவு பார்த்தவர், வரவே இல்லாத கணக்கை இரண்டு வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடை. எங்கள் போர் காற்று விட்டது. 'ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணி கட்டுப்படி ஆகாது, நிறுத்துங்க' என்று அசோசியேஷனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று வாரம் சார் தொட்டிப் பக்கம் கை வைக்கவில்லை. மீன்கள் சோர்ந்துபோனதாக அவருக்குப் பட்டது. ஓர் இரவு லாரி வந்தது. ஆசை ஆசையாகப் பாதித் தொட்டியை மாற்றினார். அரை மணி நேரத்தில் என் கதவைத் தட்டினார். "தம்பி, லாரிக்காரன் விஷத்தைக் கொண்டுவந்து ஊத்திட்டான்!"

போய்ப் பார்த்தால் ஏழும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நல்லவேளை, அந்தக் கோடையில் யாரும் எந்தத் தண்ணீரையும் கொட்டவில்லை. எடுத்த பழைய தண்ணீர் துளசிச் செடிக்காக பக்கெட்டில் இருந்தது. என் டெஸ்ட் கிட்டில் அதை ஊற்றினேன். மஞ்சள். பி.எச். 6, அல்லது அதற்கும் கீழே. லாரித் தண்ணீர் பளிச்சென்று நீலம். கே.எச். பார்த்தேன். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். லாரித் தண்ணீருக்குப் பதினான்கு சொட்டு. பழைய தண்ணீருக்கு முதல் சொட்டிலேயே மாறிவிட்டது. கணக்கில் பைசா இல்லை. கடைசியாக, பழைய தண்ணீரில் அம்மோனியா. குழாய் கரும்பச்சையாகிவிட்டது.

விஷயம் இதுதான். பி.எச். மிகவும் இறங்கினால் அந்த பாக்டீரியாக்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அம்மோனியா சேரும். ஆனால், அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக, சாதுவாக இருக்கும். பி.எச். ஒரு படி ஏறினால் அதில் விஷமாகிற பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். சார் ஊற்றியது நல்ல தண்ணீர்தான். அந்த நல்ல தண்ணீர், தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்டது.

மீன்களை எடுத்து வேறு பக்கெட்டில் போடச் சொன்னேன். எந்தத் தண்ணீரில்? லாரித் தண்ணீரில். சார் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வேறு தண்ணீர் கட்டடத்திலேயே இல்லை. தொட்டியில் பி.எச். ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. பக்கெட்டில் குறைந்தபட்சம் அம்மோனியா கிடையாது. ஏர் பம்ப்பைப் போட்டுவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். விடிவதற்குள் நான்கு போய்விட்டன. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அதன் பெயரைச் சொல்லித்தான் எடுத்தார். மூன்று பிழைத்தன.

அதற்கடுத்த மாதம் கொளத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வண்ண மீன் வாங்க சென்னை முழுக்கப் படையெடுக்கும் இடம். புத்தகத்தில் ஏஞ்சலுக்கு அமேசான் ஆற்றின் மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் என்று போட்டிருப்பதை சார் கடைக்காரரிடம் காட்டினார். "சார், இதுக்கு அமேசான் எந்தத் திசைன்னுகூடத் தெரியாது. இதோட பாட்டியே இந்தப் பக்கத்துத் தொட்டியில பொறந்ததுதான்" என்றார் அவர். பி.எச். குறைக்கும் மருந்து கேட்டதற்கும் தலையாட்டினார். கே.எச். அதிகமுள்ள தண்ணீரில் அதை ஊற்றினால் மாலையில் இறங்கும், காலையில் பழையபடி ஏறும். அந்த ஊஞ்சல்தான் மீனுக்கு ஆகாது. தெருவோர வாதாம் மரத்துச் சருகு போட்டாலும் தண்ணீர் டீ நிறமாகுமே தவிர, கடின நீரில் பி.எச். பெரிதாக அசையாது. கே.எச். குறைந்த தண்ணீராக இருந்தால் ஒரு பிடி கிளிஞ்சலைத் துணியில் கட்டி ஃபில்டரில் போடலாம், மெள்ளக் கரைந்து இருப்பை ஏற்றும். போர் தண்ணீரே போதும் என்கிறவர்களுக்கு மோலி, கப்பி, பிளாட்டி. பருப்பு வேகாத தண்ணீர் அவற்றுக்கு அல்வா மாதிரி.

சார் இப்போது பாதி போர், பாதி ஆர்.ஓ. கலந்து, வாரம் ஒரு பக்கெட்தான் மாற்றுகிறார். சொட்டு எண்ணி டைரியில் எழுதுகிறார், தேதி போட்டு, இரண்டு பத்தியாக. அந்த மூன்றில் ஒன்று இன்னும் இருக்கிறது. கூட ஆறு மோலி. அவருக்கு இப்போதைய புகார், கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் படிகிற வெள்ளைக் கோடு. எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போகும் என்றேன். சாறு உள்ளே விழுந்து பி.எச். இறங்கிவிடாதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் டைரியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.