‘பூனையக் கொஞ்சம் பாத்துக்கங்க’

எங்கட பூனையின் பெயர் சூடை. நாலு வருசத்துக்கு முந்தி ஒரு காலையில் கடற்கரைக்கு மீன் வாங்கப் போன வாப்பா, அரைக்கிலோ சூடை மீனோடு ஒரு குட்டியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மீன் அன்றைக்கே முடிந்துவிட்டது. பெயர் மட்டும் பூனையிடம் தங்கிவிட்டது. பிறகு வாப்பா கட்டாருக்குப் போனார். வீட்டில் உம்மா, நான், சூடை.

போன வருசம் உம்மாவைப் பரிசோதனைக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போகவேண்டி வந்தது. ரெண்டு நாளில் வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனோம். இரவு பஸ்ஸுக்கு வெளிக்கிடும் அவசரத்தில், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னேன்:

“மாமி, பூனையக் கொஞ்சம் பாத்துக்கங்க.”

“ஓம் புள்ள, நீங்க கவலப்படாமப் போய்ட்டு வாங்க.”

அவ்வளவுதான். கதவைப் பூட்டித் திறப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ரெண்டு நாள், ஒன்பது நாளானது. வந்து பார்த்தால் சூடை இல்லை. மாமி ஒவ்வொரு நாளும் வாசலில் சோறும் மீன் தலையும் வைத்திருக்கிறா. காகமும் தெரு நாய்களும் தின்றிருக்கின்றன. உம்மாவின் கட்டிலில் படுத்துப் பழகிய பூனை, பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று இரவு கத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. “உம்மா ஆஸ்பத்திரியில இரிக்கிற நேரம் இத எப்பிடிச் சொல்ற எண்டுதான்…” என்று மாமி அழுதா.

நாலாம் நாள் சூடை காது கிழிந்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தது. எனக்கு மாமி மேல் உள்ளுக்குள்ளே கோபம். உம்மாவுக்கு அது விளங்கிவிட்டது.

“அவவக் குத்தம் சொல்லாத. நீ என்ன சொல்லிட்டுப் போனாய்? திறப்பக் குடுத்தியா?”

பூனையைக் கட்டிப்போட்டுத் தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதையைக் குர்ஆன் மத்ரஸாவில் கேட்காத பிள்ளை எங்கட ஊரில் இருக்காது. நான் கட்டிப்போடவில்லை, வெளியே விட்டுப் பூட்டினேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

நிந்தவூரில் ஒருவர் ரெண்டு பவுண் சங்கிலியை அமானிதமாக வைக்கக் கொடுத்தால், நிறுத்து, எண்ணி, ஒரு சாட்சியையும் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். மூச்சு விடுகிற ஒரு சீவனை நான் வேலிக்கு மேலால் ஒரு சொல்லில் கொடுத்துவிட்டேன்.

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தபோது மூன்று கிழமை என்றார்கள். உம்மா கேட்ட முதல் கேள்வி, “சூடை?” கொழும்பில் காசு கொடுத்தால் பெட் சிட்டர் என்று ஆள் பிடிக்கலாம். எங்கட ஊரில் அப்படி யாரும் இல்லை, அயல்தான். பூனையை வேறு வீட்டில் கொண்டுபோய் விடவும் யோசித்தேன். ஆனால் பூனைக்கு ஆட்களை விட இடம் முக்கியம். புது வீட்டில் விட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடும். வீட்டை அதற்கு விட்டுவிட்டு, ஆளை வரவழைப்பதுதான் சரி.

மாமியின் மகள் ஓ.எல். படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். இந்த முறை “பாத்துக்கோ” என்று சொல்லவில்லை. “உனக்கு எது எது ஏலாது?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “மஃரிபுக்குப் பொறகு தனிய உங்கட ஊட்டுக்குள்ள வர ஏலாது ராத்தா. மறுகா, அது இரிக்கிற மண்ண நான் அள்ள மாட்டன். சத்தி வரும்.”

கேட்காமல் போயிருந்தால் இந்த ரெண்டும் எனக்குத் தெரிந்திருக்காது. அவளும் மறுத்திருக்க மாட்டாள், செய்திருக்கவும் மாட்டாள். சாப்பாட்டு நேரத்தை அஸருக்குப் பின் மாற்றினோம். மண் அள்ளும் வேலை அவளுடைய தம்பிக்குப் போனது. அதற்குச் சம்பளமாக அவனுக்கு என் பழைய சைக்கிள்.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அவளைப் பழக்கினேன். முதல் மூன்று நாள் நான் பக்கத்தில் இருந்தேன், அவள் சாப்பாடு வைத்தாள். பிறகு நான் வளவில் ஒளிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் அவள் குரல் கேட்டதும் சூடை அலுமாரிக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தது.

அடுத்தது வீடு. பூனையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் வீடு எவ்வளவு ஆபத்தானது என்று தெரிகிறது. அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி மருந்து. உம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே நூலும் ஊசியும். நூலை விழுங்கினால் குடல் சுருங்கிப் பின்னும். மேசையில் பனடோல். நமக்குக் காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு நஞ்சு. அதைக் கழித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கிணற்றுக்கு வலை போட்டேன். அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நீர்வெறுப்பு ஊசியும் போட்டேன். பார்க்க வருகிற பிள்ளையைப் பிறாண்டினால் அவளுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

கடைசியாக, ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன்:

காலையில் கதவைத் திற. அஸருக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டு, சாப்பாடு வைத்துப் பூட்டு.

அவித்த மீன், முள் எடுத்து, ஒரு பிடி சோறு. ஆணத்து மீன் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பாலும் வேண்டாம், வயிற்றால் போகும்.

தண்ணீர் ரெண்டு இடத்தில். ஒவ்வொரு நாளும் மாற்று.

ஒரு நாள் தின்னாவிட்டால் எனக்குச் சொல்லு. ரெண்டாம் நாளும் தின்னாவிட்டால் டொக்டர். பூனை பட்டினி கிடந்தால் ஈரல் பழுதாகும்.

கடித்தால், பிறாண்டினால் உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவு. பிறகு ஆஸ்பத்திரி.

என்ன நடந்தாலும் ஒளிக்காதே. உம்மாவுக்குச் சொல்லாதே, எனக்குச் சொல்லு.

டொக்டரின் நம்பரையும், ஒரு கவரில் காசையும் அதோடு வைத்தேன். திறப்பை மாமியின் கையில் கொடுத்தேன்.

பதினோராம் நாள் வட்ஸ்அப்பில் குரல் வந்தது. “ராத்தா, ரெண்டு நாளா தின்னல்ல. வாய்ல நாத்தம்.” அன்றைக்குத்தான் உம்மா ஐ.சி.யு.வில் இருந்து வார்டுக்கு வந்திருந்தா. நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றுகொண்டு, “கவரை எடு, உடுப்புக் கூடைக்குள்ள வெச்சு மூடிக் கட்டு, ஓட்டோவில போ” என்றேன். மாமியும் கூடப் போனா. முரசில் மீன் முள் ஏறியிருந்ததாம். டொக்டர் எடுத்துவிட்டார். அந்த முள்ளை அவித்த மீனில் இருந்து எடுக்க மறந்தது தான்தான் என்று அவளே சொன்னாள். அவள் ஒளிக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது சூடை உம்மாவை மோந்து பார்த்தது. ஆஸ்பத்திரி மருந்து வாசம் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அஸர் ஆனதும் நேரே போய்க் கடப்படியில் இருந்தது, அந்தப் பிள்ளை வருவாள் என்று. உம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். இரவு அவவின் காலடியில் ஏறிப் படுத்த பிறகுதான் சிரித்தா.

பிரிட்ஜில் ஒட்டிய தாளைக் கழற்றும்போது பார்த்தேன், அடியில் வேறு கையெழுத்தில் ரெண்டு வரி இருந்தது:

“மீன் முள்ளு ரெண்டு தரம் பாக்கணும். சாச்சிட உடுத்த சாறி ஒண்டக் கழுவாம வெச்சிட்டுப் போங்க. அதுலதான் படுக்கிது.”

அடுத்த மாசம் கிளினிக் இருக்கிறது. தாளைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன்.