நாலு பேர் முறை

ஆகஸ்ட் 9
தங்கச்சி மகன் தண்ணி தண்ணி என்று கேட்டான். பூச்சித் தொந்தரவு என்று நினைத்தோம். ஏழு வயதில் பாயை நனைத்தவனைத் தங்கச்சி அடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. முதல் வகைச் சர்க்கரை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டதாம். தினம் நாலு ஊசி, ஆயுசுக்கும்.

ஆகஸ்ட் 14
நாரணாபுரம் திரும்பினோம். அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மருந்து என் வீட்டில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில். 2 முதல் 8 டிகிரி, உறையக் கூடாது. முறை போட்டுக்கொண்டோம். காலை ஊசி தங்கச்சி, மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய் நான், ராத்திரி ரெண்டும் அவன் அப்பா. விடியற்காலை 3 மணிக்கு விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது அப்பத்தா. எழுத்துத் தெரியாது அவருக்கு. பஸ் நம்பர் பார்த்து எண் தெரியும்.

ஆகஸ்ட் 15
நான் குத்தினேன். கை நடுங்கியது. அவனுக்கு நடுங்கவில்லை.

ஆகஸ்ட் 31
தங்கச்சி மறுபடி பயராபீஸுக்கு, பட்டாசு ஆலைக்கு, போகிறாள். தீபாவளி சீசன், ஸ்ட்ரிப்புக்குக் காசு வேண்டுமே. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாங்கத்தான் வேண்டும், ஒரு பொறி போதும். ஆனால் சாயங்காலம் வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் நம்பர்தான். தீப்பெட்டி ஒட்டும்போதும் போன் மடியிலேயே.

செப்டம்பர் 3
போன் வரவில்லை. நாள் முழுக்கப் பயம்.

செப்டம்பர் 19
அப்பத்தா கருப்பட்டி மிட்டாய் கொடுத்திருக்கிறார். 312. கத்திவிட்டேன். “பிள்ளை வாயப் பாத்துக்கிட்டே நிக்கிறான், நான் எப்படித் திங்க?” என்று அழுதார். ராத்திரி 3 மணிக்கு அந்த வீட்டில் விளக்கு எரிந்தது.

செப்டம்பர் 20
டாக்டர் சொன்னது ஞாபகம் வருகிறது. 1922இல் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம். அப்பத்தாவிடம் இதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 7
பதினொரு மணிக்குப் போன். ஓடினேன். வேர்த்துச் சட்டை ஒட்டிக் கிடந்தது, உதடு துடித்தது. 54. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. முதல் பீரியடிலேயே கை நடுங்கியதாம். ஏன்டா சொல்லல?

“அம்மாட்ட சொல்லாதீங்க பெரியம்மா. வேலைய விட்டுட்டு வந்தா சம்பளம் போயிரும்.”

முறை போட்டபோது நாலு பேர் என்றுதான் எண்ணினோம்.

அக்டோபர் 8
நோட்டில் 54 என்றே எழுதினேன். தங்கச்சி பார்த்தாள். நேரம் மட்டும் கேட்டாள். “அந்நேரம் சரம் பின்னிக்கிட்டிருந்தேன்க்கா” என்றாள்.

அக்டோபர் 11
மழை. பயராபீஸ் லீவு. மத்தியான ஊசிக்கு அவளே போனாள்.